ஒன்ராறியோவில் ஒரு தனியார் உளச்சிகிச்சை நிலையத்தில் ஒப்பந்தச் சிகிச்சையாளராகச் சேர்வது: நிபந்தனைகள் பற்றிய கேள்வி

நெய்தல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒன்ராறியோ பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளர் கல்லூரியில் (சி.ஆர்.பி.ஓ.) தகுதிபெறும் நிலையில் உள்ள உறுப்பினராக, அதாவது முழுப் பதிவுக்கு முன் மேற்பார்வையின் கீழ் சிகிச்சை அளிப்பவராக, பதிவு செய்திருக்கிறேன். ஸ்காபரோவில் உள்ள ஒரு தனியார் நிலையம் என்னை ஒப்பந்த அடிப்படையில் சேர்த்துக்கொள்ள முன்வந்திருக்கிறது. அகதிகள், தன்பாலீர்ப்பினர், திருநர், மாற்றுத்திறனாளிகள் என எல்லோரையும் வரவேற்கும் இடம் என்று அவர்கள் தம்மை அறிமுகப்படுத்துகிறார்கள். நேர்காணலிலும் அந்த அக்கறை உண்மையானது என்றே எனக்குப் பட்டது.

ஒப்பந்தத்தைப் படித்தபோதுதான் சில கேள்விகள் எழுந்தன. ஓர் அமர்வுக்குக் கட்டணம் 150 டொலர். அதில் 60 விழுக்காடு எனக்கு, 40 விழுக்காடு நிலையத்துக்கு. வசதி குறைந்தவர்களுக்காக ஒவ்வொரு சிகிச்சையாளரும் சில அமர்வுகளை 80 டொலருக்கு நடத்த வேண்டும். அதற்கும் அதே பங்கீடுதான். செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் நான் அங்கே இருக்க வேண்டும். ஒப்பந்தக் காலத்தில் வேறு நிலையத்தில் வேலை செய்யக் கூடாது. விலகிய பின் இரண்டு ஆண்டுகளுக்கு 15 கிலோமீற்றர் சுற்றளவில் தொழில் செய்யக் கூடாது. கோப்புகள் யாவும் நிலையத்துக்கே உரியவை என்று ஒரு வரி இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் சிகிச்சையாளர் நான் ஒருத்திதான் என்பதால், தமிழ்ப் பயனாளர்கள் அனைவரையும் எனக்கே அனுப்புவதாகவும், அறிமுகப் படிவங்களை நான் தமிழாக்கித் தந்தால் நல்லது என்றும் உரிமையாளர் சொன்னார். மேற்பார்வையாளரும் அவரே.

இந்த நிபந்தனைகள் வழக்கமானவையா? எவற்றை மாற்றச் சொல்லிக் கேட்பது நியாயம்?

பனங்கூடல் பதில்:

நெய்தல், வணக்கம். நானும் இதே நகரத்தில் நீண்ட காலமாக ஒப்பந்தச் சிகிச்சையாளராக வேலை செய்கிறவள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு 60–40 என்பது இங்கே பரவலாக உள்ள பங்கீடு. அந்த எண்ணை மட்டும் வைத்து ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. அந்த 40 விழுக்காட்டுக்குள் மேற்பார்வைக் கட்டணம் அடங்குகிறதா, அறை வாடகையும் பதிவு மென்பொருளும் அடங்குகின்றனவா, கடைசி நேரத்தில் வராமல் விட்டவரிடம் வாங்கும் கட்டணத்தில் உங்களுக்குப் பங்கு உண்டா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். மேற்பார்வையை வெளியே பணம் கொடுத்து வாங்க வேண்டிய நிலை வந்தால் 60 என்பது பெயரளவிலேயே 60 ஆக இருக்கும்.

எனக்கு உறுத்துவது குறைந்த கட்டண அமர்வுகள்தான். 150 டொலர் அமர்வில் உங்களுக்கு 90 வருகிறது. 80 டொலர் அமர்வில் 48 வருகிறது. அமர்வுக்குப் பின் குறிப்பு எழுதுவதற்கும், தேவைப்பட்டால் குடிவரவுச் சட்டத்தரணிக்கோ குடும்ப மருத்துவருக்கோ கடிதம் எழுதுவதற்கும் எடுக்கும் நேரம் இரண்டிலும் ஒன்றுதான்; அகதிக் கோரிக்கையாளராக இருந்தால் இரண்டாவதில்தான் அது கூடுதல். எல்லோரையும் வரவேற்கிறோம் என்ற நற்பெயர் நிலையத்துக்குச் சேர்கிறது, அதற்கான விலையில் பெரும் பங்கை மிகக் குறைவாகச் சம்பாதிக்கும் சிகிச்சையாளர் கட்டுகிறார். ஆகவே இந்த அமர்வுகளுக்கு மட்டும் பங்கீட்டை 75–25 ஆக மாற்றக் கேளுங்கள். அப்போது உங்களுக்கு 60 டொலர் வரும், நிலையத்துக்கு 20 டொலர் போகும். மாதத்துக்கு இத்தனைக்கு மேல் இல்லை என்ற உச்ச வரம்பையும் எழுதச் சொல்லுங்கள். கொள்கையில் உண்மையான பற்றுள்ள உரிமையாளர் இந்தக் கணக்கைப் பார்த்தால் பேசவாவது முன்வருவார்.

தமிழ்ப் பயனாளர்கள் அனைவரும் உங்களுக்கே என்பதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். போரில் உறவுகளைத் தொலைத்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்தினர், முகாம்களில் இருந்து வந்தவர்கள் என்று அந்தப் பட்டியல் மெல்ல மெல்ல ஒரே வகைத் துயரமாக நிறையும்; தகுதிபெறும் நிலையில் உள்ள ஒருவருக்கு அது பயிற்சியாகவும் போதாது, தாங்கவும் முடியாது. இன்னொரு சிக்கல் நம் சமூகம் சிறியது என்பது. தம்பி உங்களிடம் வந்து கொண்டிருக்கும்போது அண்ணனின் மனைவியும் முன்பதிவு செய்வார். கோவில் திருவிழாவில் இருவரையும் நீங்கள் ஒரே நாளில் சந்திக்க நேரும். உறவு முரண் இருக்கும் இடத்தில் பயனாளரை மறுக்கும் உரிமையும், தமிழ் தெரிந்தும் ஆங்கிலத்திலேயே பேச விரும்புகிறவரை வேறொருவரிடம் அனுப்பும் ஏற்பாடும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். தமிழ்ச் சிகிச்சையாளரிடம் போகவே அஞ்சுகிற தமிழர்களும் இருக்கிறார்கள். முகம் தெரிந்துவிடுமே என்ற அந்த அச்சத்தை மதிப்பதும் அந்த நிலையத்தின் பொறுப்பு.

தொலைபேசியில் முதலில் பேசுகிறவர் யார் என்றும் கேளுங்கள். பதினேழு வயதுப் பையனைத் தாய் அழைத்து வந்து, இவன் ஆண்களை விரும்புகிறானாம், மாற்றிவிடுங்கள், செலவு எவ்வளவானாலும் தருகிறோம் என்று சொல்லும் சூழ்நிலை உங்களுக்கும் வரும். அத்தகைய மாற்றச் சிகிச்சை 2022 ஜனவரி 7 முதல் கனடாவின் குற்றவியல் சட்டப்படி குற்றம். சிறுவர்களுக்கு அதை அளிப்பதை ஒன்ராறியோ 2015 இலேயே தடை செய்துவிட்டது. அதோடு, ஒன்ராறியோவின் 1996 ஆம் ஆண்டு மருத்துவச் சம்மதச் சட்டம் சம்மதத்துக்கு வயதெல்லை எதையும் வைக்கவில்லை. விளங்கிக்கொள்ளும் ஆற்றல் இருந்தால் அந்தப் பையனே சம்மதிக்கலாம், அவனுடைய குறிப்புகளும் அவன் அனுமதியின்றி வெளியே போகா. பணம் கட்டுகிறவர் தாய் என்பதால் அது மாறிவிடாது. இதை அந்தத் தாய்க்குத் தமிழில், அவரை அவமதிக்காமல், முதல் அழைப்பிலேயே சொல்ல வரவேற்பில் யாரும் இல்லையென்றால், அந்த வேலையும் சம்பளமின்றி உங்கள் தலையில்தான் விழும்.

படிவத் தமிழாக்கத்துக்கு மணிக்கணக்கில் கட்டணம் கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மேற்பார்வை பற்றி ஒன்று. முழுப் பதிவுக்குத் தேர்வோடு 450 மணி நேர நேரடிச் சிகிச்சையும் 100 மணி நேர மேற்பார்வையும் தேவை. மேற்பார்வையின்றித் தனித்து இயங்க அவை முறையே 1,000 மணியும் 150 மணியும் ஆகும். அந்த மணிகளுக்குக் கையெழுத்திடுகிறவரும், உங்களுக்குப் பயனாளர்களை ஒதுக்குகிறவரும், உங்கள் வருமானத்தில் பங்கு எடுக்கிறவரும் ஒருவரே என்றால், இந்த வாரம் என்னால் இத்தனை பேரைப் பார்க்க இயலாது என்று மேற்பார்வையில் மனம் திறந்து சொல்வது கடினம். மணிகளில் ஒரு பகுதியையாவது வெளியிலுள்ள ஒருவரிடம் பெற இடம் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை பதில்:

நான் சிகிச்சையாளர் அல்லேன். உங்கள் துறையினர் சிலருக்கு வரிக் கணக்குச் செய்கிறவன். ஒப்பந்தம் என்று தலைப்பிட்டுவிட்டதால் மட்டும் நீங்கள் சுயதொழில் செய்கிறவராகிவிட மாட்டீர்கள். 2001 இல் சாகஸ் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட கேள்வி, வேலை செய்கிறவர் தம் சொந்தத் தொழிலாகத்தான் அதைச் செய்கிறாரா என்பது; கட்டுப்பாடு யார் கையில், கருவிகள் யாருடையவை, நட்டமும் இலாபமும் யாருக்கு என்பவற்றை அது சேர்த்துப் பார்க்கச் சொன்னது. நாட்களையும் கட்டணத்தையும் நிலைய உரிமையாளரே நிர்ணயித்து, வேறு எங்கும் வேலை செய்யக் கூடாது என்றும் தடுத்தால், அது ஊழியர் உறவை நோக்கியே சாய்கிறது. ஊழியரை ஒப்பந்தக்காரர் என்று நடத்துவதை ஒன்ராறியோ வேலைத்தரச் சட்டம் தடை செய்கிறது.

15 கிலோமீற்றர் தடையும் இதனோடு பிணைந்ததே. அதே சட்டப்படி, 2021 அக்டோபர் 25 முதல் ஊழியர்களிடம் இத்தகைய போட்டித் தடை வாங்குவது, உயர் நிர்வாகிகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, செல்லாது. ஒப்பந்தக்காரருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் நீதிமன்றத்தில் அந்தத் தடை நியாயமான அளவில்தான் இருக்கிறது என்று காட்ட வேண்டிய சுமை அதை வலியுறுத்துகிறவருடையது. நிலையம் உங்களைச் சுதந்திரமான தொழிலர் என்றும் சொல்லி, ஊழியரைப் போலக் கட்டியும் வைக்க முடியாது. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லுங்கள். கையெழுத்திடுமுன் வேலைச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள்.

பணக் கணக்கு இது. ஊழியர் கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு 5.95 விழுக்காடு கட்டுவார், முதலாளியும் அதே அளவு கட்டுவார். சுயதொழிலாளர் இரண்டையும் சேர்த்து 11.9 விழுக்காடு, செலவு கழித்த வருமானத்தில் முதல் 3,500 டொலருக்கு மேற்பட்ட பகுதிக்கு, ஆண்டு உச்ச வரம்பு வரை, தாமே கட்ட வேண்டும். விடுமுறைச் சம்பளம் இல்லை. வேலைக் காப்புறுதியில் மகப்பேற்றுக் கொடுப்பனவு வேண்டுமானால் தாமாகவே பதிந்து 12 மாதம் காத்திருக்க வேண்டும். வரிப் படிவத்துக்கு ஜூன் 15 வரை நேரம் உண்டு, வரிப் பணத்துக்கோ ஏப்ரல் 30 தான் கடைசி நாள். முதல் ஆண்டில் பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள்.

விற்பனை வரியில் ஒரு நுணுக்கம். 2024 ஜூன் 20 முதல் உளச்சிகிச்சைச் சேவைக்கு அந்த வரி இல்லை. ஆனால் பயனாளர் உங்களுக்குக் கட்டி, நிலையம் தன் 40 விழுக்காட்டை நிர்வாகக் கட்டணம் என்று உங்களிடம் வசூலிப்பதாக ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தால், அந்தக் கட்டணம் சிகிச்சை அன்று. அதற்கு 13 விழுக்காடு வரி சேரும். 60 டொலருக்கு 7.80. உங்கள் சேவை விலக்குப் பெற்றது என்பதால் அதை நீங்கள் திரும்பக் கோரவும் முடியாது. நிலையமே பயனாளரிடம் வாங்கி உங்களுக்குப் பங்கு தருவதாக எழுதினால் நிலைமை வேறு. அந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள்.

திண்ணைக்காரன் பதில்:

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனாலும் சிறிய நிலையம் ஒன்றை நடத்துகிறவன் என்ற வகையில் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மின்தூக்கியும் சக்கர நாற்காலி நுழையும் கழிவறையும் உள்ள கட்டடத்தில் வாடகை அதிகம். ஆள் வராத மணிகளுக்கும் அதைக் கட்டுகிறோம். விளம்பரம், வரவேற்பாளர் சம்பளம், மென்பொருள் எல்லாம் போன பின் 40 விழுக்காட்டில் மிஞ்சுவது வெளியில் இருப்பவர் நினைப்பதைவிடக் குறைவு. குறைந்த கட்டண அமர்வுக்கு 75–25 என்பது எல்லா நிலையத்துக்கும் இயலாது. அமர்வுகளின் எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டிய பின் முழுக் கட்டண அமர்வுகளின் பங்கு 65, 70 என்று உயர வேண்டும் எனக் கேட்டால், என்னைப் போன்றவர்கள் இணங்குவது எளிது.

கோப்புகள் நிலையத்திடம் இருப்பதில் உங்களுக்கு நன்மையும் உண்டு. கடைசித் தொடர்பிலிருந்து 10 ஆண்டுகள், சிறுவராக இருந்தால் அவருக்கு 18 வயது நிறைந்ததிலிருந்து 10 ஆண்டுகள், கோப்பைப் பாதுகாக்க வேண்டும். 2004 ஆம் ஆண்டின் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அதன் பொறுப்பாளர் யார் என்பதை ஒப்பந்தம் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். நிலையம் பொறுப்பாளர் என்றால் அந்தச் சுமையும் அதனுடையதே. நீங்கள் சேர்க்க வேண்டிய வரி வேறு: விலகிய பிறகும், முறைப்பாடு ஒன்றுக்குப் பதில் சொல்லவோ பதிவுக் கல்லூரி கேட்டாலோ, நீங்கள் எழுதிய கோப்புகளைப் பார்க்க உரிமை வேண்டும்.

போட்டித் தடையை நான் எழுதுவதில்லை. ஆனால் விலகும்போது எங்கள் பயனாளர்களை அழைத்துப் போகாதீர்கள் என்று கேட்பது வேறு, அதில் தவறில்லை.

பனங்கூடல் பதில்:

பங்கை உயர்த்தும் யோசனை நல்லதுதான், ஆனால் புதியவர் அந்த எண்ணிக்கையை எட்ட எவ்வளவு காலம் எடுக்கும் என்பதைப் பொறுத்தது. தகுதிபெறும் நிலையில் உள்ளவர்களின் பற்றுச்சீட்டைச் சில தொழிலிடக் காப்புறுதித் திட்டங்கள் ஏற்பதில்லை என்பதால் முதல் மாதங்கள் மெதுவாகவே நகரும். பயனாளர்களை அழைத்துப் போவதைப் பொறுத்தவரை, அவர்கள் நிலையத்தின் சொத்து அல்லர். போர்க்காலக் கதையை முதன்முறையாகத் தமிழில் ஒருவரிடம் சொல்லத் தொடங்கியவரைப் பாதி வழியில் தமிழ் தெரியாதவரிடம் ஒப்படைப்பது சிகிச்சையைக் கைவிடுவதற்குச் சமம். விலகல் அறிவிப்புக் கடிதத்தை இரு தரப்பும் சேர்ந்து எழுத வேண்டும். நிலையத்தில் தொடரலாம், சிகிச்சையாளரோடு போகலாம், வேறிடம் நாடலாம் என்ற மூன்று வழிகளும் அதில் இருக்க வேண்டும். பயனாளர் தாமாகக் கேட்டால் சிகிச்சையாளர் தன் புதிய இடத்தைச் சொல்வதைத் தடுக்கக் கூடாது.

நெய்தல் எழுதியது:

நேரம் எடுத்து எழுதிய மூவருக்கும் மிக்க நன்றி. போட்டித் தடையை நீக்குவது, குறைந்த கட்டண அமர்வுகளுக்கு உச்ச வரம்பு, வெளி மேற்பார்வை, விலகல் கடிதம் ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்கப் போகிறேன். தமிழாக்கத்துக்குத் தனிக் கட்டணம் என்பதையும் சேர்க்கிறேன். வரிப் பத்தி அந்த நிர்வாகக் கட்டண வடிவில்தான் இருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன். இன்னொரு கேள்வி: நிலையத்தோடு உறவு முறிந்தால், அதுவரை சேர்த்த சிகிச்சை மணிகளுக்கு அத்தாட்சி கிடைக்காமல் போகுமா?

பனங்கூடல் பதில்:

போகாமல் பார்த்துக்கொள்ளலாம். நிலையத்தின் மென்பொருளை நம்பி இருக்காமல், பயனாளரின் பெயரோ அடையாளமோ இல்லாமல், நாளும் மணி அளவும் மேற்பார்வை நேரமும் மட்டும் உள்ள பதிவேடு ஒன்றை உங்களிடமே வைத்திருங்கள். ஒவ்வொரு மாத முடிவிலும் மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். விலகல் அறிவிப்புக் கொடுக்கும் நாளுக்கு முன் நிலுவையில் எந்த மாதமும் இருக்கக் கூடாது.