நிறுத்தி வைத்த டிரெய்லர் வீடு ஆடுகிறது: எந்த ஜாக்கி போட்டால் அசைவு அடங்கும்?

மாந்தோப்பு, ஒடுகத்தூர்

வணக்கம். ஜாக்கிக்குப் பணம் போடுவதற்கு முன் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. அங்கே வீடு கட்டவில்லை. காய் இறக்கும் காலத்தில் இரண்டு மூன்று மாதம் தங்குவதற்காகப் பெங்களூரில் ஒருவரிடமிருந்து பழைய பயண டிரெய்லர் ஒன்றை வாங்கி வந்தோம். பதினாறு அடி நீளம், ஏழு அடி அகலம். நடுவில் ஒரே அச்சு, இரண்டு சக்கரம், கமான் பட்டை. முன்னால் கொக்கிப் பக்கம் சுழலும் சின்னச் சக்கரத்தோடு ஒரு கால். வரும் வழியில் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தோம், சாமான்களோடு 1,350 கிலோ.

என்னோடு தங்குவது அம்மா. வயது எழுபத்திரண்டு. உள்காதுக் கோளாறால் வரும் தலைச்சுற்றலுக்கு இரண்டு ஆண்டுகளாக மருந்து சாப்பிடுகிறார். அவருடைய கட்டில் பின்பக்கம், அடுப்படி முன்பக்கம். நான் அடுப்படியில் நாலு எட்டு வைத்தால் கட்டில் ஏறி இறங்குகிறது. போன வாரம் நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். திரும்பிப் பார்த்தால், அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். "நீ குடித்துவிட்டு வா, அதுவரை பிடித்துக்கொள்கிறேன்" என்றார். அன்றிலிருந்து இரவில் எழுவதற்கே எனக்கு மனம் வரவில்லை.

நான்கு மூலைக்கும் பழைய கார் ஜாக்கிகளைக் கொடுத்துப் பார்த்தேன். உயரம் எட்டாததால் அடியில் செங்கல் அடுக்கினேன். ஒரு கோடை மழை பெய்தது. மறுநாள் காலையில் பின் இடது ஜாக்கி நான்கு விரற்கடை செம்மண்ணில் இறங்கியிருந்தது. முன் வலது ஜாக்கிக்கு அடியில் இருந்த செங்கல் இரண்டாகப் பிளந்திருந்தது.

ஆன்லைனில் பார்த்தால் மடக்கி இறக்கும் கால், கத்தரி போல விரியும் சிசர் ஜாக்கி, முக்காலி போன்ற ஸ்டாண்டு என்று பல வகை காட்டுகிறார்கள். எதை வாங்குவது? நான்கு போதுமா, ஆறு வேண்டுமா?

லேத் பட்டறை, ராணிப்பேட்டை

அம்மா, எதையும் வாங்காதீர்கள். முதலில் வண்டி எந்தத் திசையில் ஆடுகிறது என்று பாருங்கள். வெளியே நிற்கிற ஆளுக்கு எல்லா ஆட்டமும் ஒன்றாகத்தான் தெரியும். உண்மையில் முனைகள் ஏறி இறங்குவது, பக்கவாட்டில் சாய்வது, முன்னும் பின்னும் நகர்வது என்று மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

ஒரு எவர்சில்வர் தம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வையுங்கள். ஒருவர் முன்னும் பின்னும் நடக்கட்டும். பிறகு நடுவில் நின்று ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு எடையை மாற்றட்டும். கடைசியாக வெளியே வந்து பின்சுவரில் கை வைத்துத் தள்ளட்டும். தண்ணீர் எந்தப் பக்கம் சிந்துகிறது என்று எழுதி வையுங்கள்.

அந்த நேரத்தில் இன்னொருவர் குனிந்து கமான் பட்டையையும் டயரையும் முன் காலையும் பார்க்க வேண்டும். பட்டை நெளிகிறதா, டயர் அமுங்குகிறதா, அல்லது முன் காலைப் பிடிக்கும் கிளாம்பில் ஆட்டம் இருக்கிறதா? டயரில் காற்று எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். காற்று குறைந்த டயர் மேல் வீட்டை நிறுத்திவிட்டு ஜாக்கியைக் குறை சொல்லிப் பயனில்லை.

காட்பாடி

இதற்கு எதற்கு இவ்வளவு சோதனை? லாரிக்குப் போடும் ஹைட்ராலிக் ஜாக்கி நான்கு வாங்கி, சக்கரம் தரையை விட்டு எழும்பும்வரை தூக்கி நிறுத்திவிடுங்கள். பட்டையும் வேலை செய்யாது, டயரும் அமுங்காது.

முன்னாள் மிச்சிகன்வாசி, சத்துவாச்சாரி

காட்பாடி நண்பர் சொல்வதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அமெரிக்காவில் எட்டு ஆண்டுகள் இருந்தபோது 22 அடி டிரெய்லர் ஒன்று வைத்திருந்தோம். முதல் ஆண்டிலேயே நான் செய்த தவறு இதுதான். டிரெய்லரின் சட்டம் தன் பாரத்தை அச்சின் மேலும் கொக்கியின் மேலும் வைக்கத்தான் செய்யப்பட்டது. நான்கு மூலையில் தூக்கினால் நடுப்பகுதி தொங்கும். ஒரு மூலை சற்றுக் கூடுதலாக ஏறினால் சட்டமே முறுக்கிக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்க அளவுகோல் வேண்டாம், வாசல் கதவு இறுகிப்போகும். எங்கள் கதவு இரண்டு நாள் திறக்க மறுத்தது.

ஹைட்ராலிக் ஜாக்கியில் இன்னொரு ஆபத்து. எண்ணெய் அழுத்தத்தில் நிற்கும் ஜாக்கி, நாட்கணக்கில் விட்டால் மெல்ல இறங்கும். மேலே ஆள் தூங்கும் வீட்டுக்கு அது ஆகாது. திருகில் நிற்கும் ஜாக்கிதான் வேண்டும்.

அங்கே இந்த ஜாக்கிகளுக்கு ஸ்டெபிலைசர் என்று பெயர். அசைவைக் குறைப்பது மட்டுமே அவற்றின் வேலை, வண்டியைத் தூக்குவதும் மட்டப்படுத்துவதும் அவற்றின் வேலை அல்ல. நம் ஊரில் பழைய சுவருக்கு முட்டுக் கொடுப்போமே, அதே கணக்கு. முட்டு சுவரைத் தூக்குவதில்லை, சாயவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

நீங்கள் கேட்ட வகைகளைச் சொல்கிறேன். மடக்கி இறக்கும் கால் எடை குறைவு, விலையும் குறைவு. சிறிய டிரெய்லருக்கு வார இறுதிக்குப் போதும், மாதக்கணக்கில் தங்குவதற்கு நான் சொல்ல மாட்டேன். தனியாகக் கொண்டுபோய் வைக்கும் ஸ்டாண்டு, சட்டத்தோடு பிணைக்கப்படாததால் மேலும் கீழும் ஆடுவதை மட்டும் தடுக்கும், பக்கத்துக்குத் தள்ளினால் கூடவே நகரும். முக்காலி ஸ்டாண்டு, பிக்கப் லாரியின் மேலேயே கொக்கி மாட்டும் பெரிய டிரெய்லருக்கானது. உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. இரண்டு டயருக்கு நடுவே விரித்து இறுக்கும் பூட்டு மிக நல்ல பொருள், ஆனால் அதற்கு இரண்டு அச்சு வேண்டும்.

மிஞ்சுவது சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கும் சிசர் ஜாக்கி. அங்கே பரவலாக விற்பது 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பது. உங்களுக்கு அது தாராளம். 'தாங்கும்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதை வைத்து வீட்டைத் தூக்கிவிடாதீர்கள். கார் ஜாக்கியும் இதே வடிவம்தானே என்று தோன்றும். ஆனால் அது டயர் மாற்றும் அரைமணி நேரத்துக்குச் செய்தது. பாதம் குறுகல், தலையும் சட்டத்தைப் பிடிப்பதில்லை.

மாந்தோப்பு, ஒடுகத்தூர்

ராணிப்பேட்டை ஐயா சொன்னபடி நானும் தம்பியும் நேற்று மாலை செய்து பார்த்தோம்.

நடந்தால் தண்ணீர் பின்பக்கமும் முன்பக்கமும் சிந்துகிறது. ஒரே அச்சு என்பதால் சீசா பலகை போல வண்டி முன்னும் பின்னும் தாழ்ந்து எழுகிறது. பட்டை நெளிவது கண்ணுக்கே தெரிந்தது. எடையை மாற்றி நின்றால் பக்கவாட்டில் சாய்வு உண்டு, அது கொஞ்சம்தான். பின்சுவரைத் தள்ளியதும் நான் எதிர்பாராதது நடந்தது. வண்டி முழுவதும் ஒரு விரற்கடை முன்னே போய்த் திரும்பி வந்தது. கை பிரேக் போட்டிருந்தும் அப்படி.

தம்பி முன் காலைப் பிடித்துப் பார்த்தான். கிளாம்பின் திருகு தளர்ந்து, குழாய் உள்ளே 'டக் டக்' என்று அடிக்கிறது. கீழே இருக்கும் சின்னச் சக்கரமும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்புகிறது. டயரில் இருக்க வேண்டிய காற்றில் பாதிதான் இருந்தது.

இன்னொன்றும் கண்டோம். அம்மாவின் கட்டிலைத் தாங்கும் பலகையில் இரண்டு போல்ட்டுகள் கழன்று தொங்கிக்கொண்டிருந்தன. இத்தனை நாள் ஆடியதில் ஒரு பங்கு வண்டியுடையது, ஒரு பங்கு கட்டிலுடையது.

லேத் பட்டறை, ராணிப்பேட்டை

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். கட்டில் போல்ட்டையும் முன் கிளாம்பையும் இன்றே முடுக்குங்கள், காற்றையும் நிரப்புங்கள். செலவில்லாத வேலை முதலில்.

பின்சுவரைத் தள்ளும்போது வண்டி முன்னே போய்த் திரும்பும் அசைவுக்கு மூலை ஜாக்கி மருந்தல்ல. நேராக நிற்கும் கால், தலைப்பக்கம் தள்ளினால் சாயத்தான் செய்யும். கை பிரேக்கின் டிரம்மில் கொஞ்சம் இடைவெளி இருக்கும், அந்த ஒரு விரற்கடை அதிலிருந்து வருகிறது. வள்ளிமலைத் தேருக்கு முட்டுக்கட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னுமாக நான்கு ஆப்புக் கட்டை வேண்டும். சும்மா தள்ளி வைத்தால் போதாது, சுத்தியலால் தட்டி டயரோடு இறுக வைக்க வேண்டும். புளியமரக் கட்டையில் அறுத்துக்கொள்ளுங்கள், நெடுநாள் உழைக்கும்.

அதன் பிறகும் அசைவு மிஞ்சும். அதற்குக் குறுக்கு முட்டு வேண்டும். ஜாக்கியின் பாதத்துக்கு அருகிலிருந்து சட்டத்துக்குச் சாய்வாக ஒரு குழாய். ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய்க்குள் அதைவிடச் சிறிய குழாய் நுழையும்படி செய்து, நடுவில் முடுக்கும் போல்ட் வைத்தால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நீளவாக்கில் இரண்டு, பின்பக்கம் குறுக்கே ஒன்று, ஆக மூன்று போதும். ஜாக்கியும் நான்கு போதும், ஆறு வேண்டாம்.

ஜாக்கிகளை இரண்டு பக்கமும் ஓடும் சி-சேனல் என்ற கனத்த இரும்புச் சட்டத்தில், முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் பொருத்துங்கள். இடையே குறுக்கில் போகும் மெல்லிய கோணக்கம்பியில் மாட்டாதீர்கள், வளைந்துவிடும். ஒரு ஜாக்கிக்கு நான்கு போல்ட், மறுபக்கம் ஒரு தகடு. வெல்டிங் வேண்டாம் என்பது என் எண்ணம். ஜாக்கி கெட்டால் கழற்ற முடியாது, வெல்டிங் செய்த இடத்தில் துருவும் ஏறும்.

கட்டட மேஸ்திரி, அணைக்கட்டு

எல்லோரும் ஜாக்கியைப் பேசுகிறீர்கள், தரையை யாரும் பேசவில்லை. எங்கள் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் பாறை, நனைந்தால் களி. கார் ஜாக்கியின் பாதம் எட்டு சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டு இருக்கும், 96 சதுர சென்டிமீட்டர். அதன் மேல் 300 கிலோ வந்தால் சதுர சென்டிமீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல். நனைந்த மண் இதை எப்படித் தாங்கும்? அதே பாரத்தை ஓரடிச் சதுரப் பலகைக்கு மாற்றினால், 900 சதுர சென்டிமீட்டரில் பரவி மூன்றில் ஒரு பங்கு கிலோவாகிவிடும்.

பலகை இரண்டு அங்குல கனமாவது இருக்க வேண்டும். மெல்லிய பிளைவுட் நடுவில் குழிந்துவிடும், பாரம் பரவாது. செங்கல் கூடவே கூடாது. சுவரில் பரவலாகப் பாரம் ஏறும்போது நிற்கும் செங்கல், ஒரு புள்ளியில் அழுத்தினால் பிளக்கும். நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

ஆண்டுதோறும் அதே இடத்தில்தான் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் நான் சொல்வது வேறு. நான்கு மூலைக்கும் அரை அடி தோண்டி, திம்மிசு போட்டு இடித்து, ஜல்லி பரப்பி, அதன் மேல் ஒன்றரை அடிச் சதுரத்தில் நான்கு அங்குல கனத்துக்குக் கான்கிரீட் போட்டுவிடுங்கள். ஒரு நாள் வேலை, ஒரு வாரம் தண்ணீர் காட்ட வேண்டும். கூரையிலிருந்து வடியும் மழைநீர் அந்த இடத்தில் தேங்காமல் ஒரு வாய்க்கால் வெட்டிவிடுங்கள். கான்கிரீட்டுக்கும் ஜாக்கிக்கும் நடுவே பலகை இருக்கட்டும். ஜாக்கி பாதிக்கு மேல் விரியாத அளவுக்குப் பலகையின் உயரத்தை வைத்துக்கொள்ளுங்கள். நீண்டு நிற்கும் ஜாக்கி ஆடும், குறுகி நிற்பது ஆடாது.

முன்னாள் மிச்சிகன்வாசி, சத்துவாச்சாரி

மேஸ்திரி சொன்னதற்குப் பிறகு எனக்கு மிஞ்சியிருப்பது வரிசை மட்டும். இதை மாற்றிச் செய்தால் நல்ல ஜாக்கியும் வீண்.

முதலில் பக்கவாட்டு மட்டம். தாழ்ந்திருக்கும் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து ஏற்றுங்கள். அடுத்தது ஆப்புக் கட்டைகள். பிறகு இழுத்து வந்த வண்டியைக் கழற்றுங்கள். இப்போது முன் காலைத் திருகி, வண்டியின் மூக்கு, அதாவது கொக்கி முனை, மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறங்கும்வரை தாழ்த்துங்கள். பின்பக்கம் உயர்ந்து நிற்கும். அந்த நிலையில் பின் ஜாக்கிகள் இரண்டையும் பலகையைத் தொடும்வரை இறக்கிவிட்டு, மூக்கைத் திரும்ப மட்டத்துக்கு உயர்த்துங்கள். வண்டியின் எடையே பின் ஜாக்கிகளை அழுத்திக்கொள்ளும். கையால் முறுக்கி இந்த இறுக்கத்தைக் கொண்டுவருவது கடினம்.

கடைசியாக முன் ஜாக்கிகள். கையால் தொடும்வரை இறக்கி, அதற்கு மேல் ஒரு சுற்று. சுழலும் சின்னச் சக்கரத்தின் பாரத்தில் பெரும்பகுதியை அவை வாங்கிக்கொள்ளட்டும், அந்தச் சக்கரம் திரும்புவதுதான் மூக்கை ஆட்டுகிறது. பெரிய டயர்கள் தரையிலேயே இருக்க வேண்டும். மறுநாள் காலையிலும், ஒவ்வொரு மழைக்குப் பிறகும், ஜாக்கிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று முறுக்கிப் பாருங்கள். முதல் நாளில் பலகை கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

மாந்தோப்பு, ஒடுகத்தூர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மேஸ்திரி ஐயா சொன்னபடி நான்கு கான்கிரீட் தளம் போட்டோம். சிசர் ஜாக்கி நான்கு வாங்கி, குடியாத்தத்தில் ஒரு பட்டறையில் போல்ட் போட்டுப் பொருத்தினோம். குறுக்கு முட்டுக் குழாய் மூன்றையும் அங்கேயே செய்துவிட்டார்கள். வேலம்பலகை, புளிய ஆப்பு இரண்டும் தோப்பிலேயே கிடைத்தன.

தம்ளர் சோதனையை ஒவ்வொரு கட்டத்திலும் செய்தேன். காற்று நிரப்பி, கட்டில் போல்ட்டை முடுக்கியதும் தண்ணீர் பாதியாகக் குறைந்து சிந்தியது. ஜாக்கி போட்டதும் நடக்கும்போது சிந்தவே இல்லை, நீர் மட்டும் வளையம் வளையமாக அதிர்ந்தது. பின்சுவரைத் தள்ளினால் மட்டும் அசைவு தெரிந்தது. ஆப்பை இறுக அடித்து, முட்டுக் குழாயை முடுக்கிய பிறகு அதுவும் அடங்கிவிட்டது. வாசல் கதவு சுண்டுவிரலால் திறக்கிறது, அதனால் சட்டம் முறுக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று இரவு இரண்டு மணிக்கு எழுந்து வேண்டுமென்றே அடுப்படிவரை நடந்தேன். அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தார். கை கன்னத்துக்கு அடியில் இருந்தது. காலையில் கேட்டபோது நான் எழுந்ததே தெரியாது என்றார்.

உங்கள் நால்வருக்கும் என் நன்றி. காட்பாடி அண்ணன் சொன்னதைக் கேட்டுத்தான் தூக்குவது ஏன் தவறு என்று எனக்கு விளங்கியது. ஒரே ஒரு கேள்வி. ஆடிக் காற்று தொடங்குவதற்குள் டிரெய்லரை ஊருக்குக் கொண்டுபோய்விடுவோம். கழற்றும்போது கவனிக்க வேண்டியது உண்டா?

லேத் பட்டறை, ராணிப்பேட்டை

உண்டு. முட்டுக் குழாயை முதலில் கழற்றுங்கள். முன் காலை இறக்கி மூக்கின் பாரத்தை அதில் ஏற்றிய பிறகு நான்கு ஜாக்கிகளையும் முழுவதுமாக மேலே சுருட்டிவிடுங்கள். இழுக்கும் வண்டியில் கொக்கியை மாட்டிப் பூட்டு விழுந்ததா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். பிறகு முன் காலை ஏற்றுங்கள். ஆப்புக் கட்டையை எடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. கொக்கி மாட்டுவதற்கு முன் அதை எடுத்தால் வண்டி தோப்பின் சரிவில் உருளும்.

கிளம்புமுன் ஒருவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி நான்கு ஜாக்கியையும் தொட்டுப் பார்க்கட்டும். ஒன்று இறங்கியிருந்தாலும் முதல் வேகத்தடையில் வளைந்துவிடும். திருகில் கிரீஸ் அப்பாதீர்கள், புழுதி ஒட்டிக்கொண்டு அடுத்த பருவத்தில் சுற்றவே சுற்றாது. துணியால் துடைத்துவிட்டு, ஒட்டாத உலர் வகை மசகு தெளித்தால் போதும்.