சனியின் வண்ணப்படத்தில் ஒரே நிலவு மூன்றாகத் தெரிகிறது – உதவி தேவை

கேள்வி: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பொள்ளாச்சிப் பக்கத்து ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்த எங்கள் கைபேசிக் குழுவில், வாரம் ஒரு விண்கலப் படத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் விளக்கம் எழுதிப் பகிர்ந்து வருகிறோம். இந்த வாரத்துக்காக, 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றிய காசினி விண்கலம் சிவப்பு, பச்சை, நீல வடிப்பான்கள் வழியே அடுத்தடுத்து எடுத்த மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களை, நாசாவின் பதப்படுத்தாத படத்தொகுப்பிலிருந்து இறக்கி, கிம்ப் மென்பொருளில் இணைத்தேன். சனியின் விளிம்பும் வளையங்களும் அப்பழுக்கின்றிப் பொருந்தின. ஆனால் இருண்ட வானில் நிற்கும் என்சலடஸ் நிலவு மட்டும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வட்டங்களாகத் தெரிகிறது. சனியின் முகத்திலோ நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள் நிறங்களில் மூன்று புள்ளிகள். நிலவைப் பொருத்தினால் சனி கலைகிறது. "வண்ணமெல்லாம் கணினியில் பூசியது" என்று வாதிடுபவர் ஒருவர் குழுவில் இருக்கிறார். இதை இப்படியே போட்டால் வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது போலாகிவிடும். நான் எங்கே தவறினேன்?

பதில் 1: பொள்ளாச்சி வாசகர்

டீச்சர், நீங்கள் எங்கும் தவறவில்லை, நிலவுதான் நகர்ந்துவிட்டது. காசினியின் கேமராவுக்கு நிறம் தெரியாது. 1024க்கு 1024 புள்ளிகள் கொண்ட அதன் உணரி ஒளியின் அளவை மட்டுமே பதியும். முன்னால் உள்ள வடிப்பான் சக்கரம் சுழன்று நின்ற பிறகுதான் அடுத்த படம். என்சலடஸ் நொடிக்கு ஏறத்தாழ 12.6 கிலோமீட்டர் வேகத்தில் சனியைச் சுற்றுகிறது. அதன் விட்டமோ சுமார் 500 கிலோமீட்டர்தான். ஆகவே பக்கவாட்டில் செல்லும்போது 40 நொடியில் தன் அகலம் முழுவதையும் கடந்துவிடும்.

சனியின் முகத்தில் உள்ள புள்ளிகள் அநேகமாக அந்த நிலவின் நிழலாக இருக்கலாம். நிலவு இருட்டில் ஒளியைக் கூட்டுகிறது. நிழல் வெளிச்சத்திலிருந்து ஒளியைக் கழிக்கிறது. சிவப்புப் படத்தில் நிழல் விழுந்த இடத்தில் சிவப்பு மட்டும் குறைவதால் அங்கே நீலப்பச்சை மிஞ்சுகிறது. அதேபோல் பச்சை குறைந்தால் மெஜந்தா, நீலம் குறைந்தால் மஞ்சள்.

இணைப்பதற்கு முன்பே, சிவப்பு, நீலப் படங்களில் நிலவைச் சிறிது இருளோடு வெட்டியெடுத்து, பச்சைப் படத்தில் அது நிற்கும் இடத்துக்கு நகர்த்துங்கள். காலியான இடத்தைக் கறுப்பால் நிரப்புங்கள். நிழலை மட்டும் தொடாதீர்கள். அதை நகர்த்தினால், விட்டுப்போன இடத்தில் மேகங்களை நாமே வரைய வேண்டியிருக்கும். அது எனக்கு உடன்பாடில்லை.

பதில் 2: சித்தூர் வட்டத்திலிருந்து ஒருவர்

மேலே சொன்னது சரி. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதப்படுத்தாத தொகுப்பில் உள்ள ஜேபெக் படங்கள் ஒவ்வொன்றின் வெளிச்சமும் தனித்தனியே தானாகக் கூட்டப்பட்டிருப்பதால், மூன்றையும் சேர்த்து வரும் நிறத்தை 'இயற்கை நிறம்' என்று எழுத இயலாது. அப்படி எழுத விரும்பினால், நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தில் உள்ள அளவீடு செய்த கோப்புகளிலிருந்து தொடங்க வேண்டும். குழுவில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருக்கத்தில் சிறு நிலவு கட்டம் கட்டமாகச் சிதைந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நிலவு இப்போது ஒன்றாகிவிட்டது. நிழலைப் பொள்ளாச்சி ஐயா சொன்னபடியே விட்டுவிட்டேன். இணைப்பதற்கு முந்திய மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களையும் உடன் அனுப்பினேன். வழக்கமாக வாதிடுபவர் அவற்றை இறக்கி, தாமே இணைத்துப் பார்த்து, தமக்கும் மூன்று நிலவுகள் வந்ததாக மலையாளத்தில் எழுதியிருக்கிறார். படத்தின் கீழே நான் இட்ட குறிப்பு இது:

"மூலப் படங்கள்: நாசா / ஜேபிஎல்-கால்டெக் / ஸ்பேஸ் சயின்ஸ் இன்ஸ்டிட்யூட். மூன்று வடிப்பான் படங்களை இணைத்தது நாங்கள். சிவப்பு, நீலப் படங்களில் நிலவின் இடம் மாற்றப்பட்டுள்ளது. நிறம் தோராயமானது. சனியின் மீதுள்ள வண்ணப் புள்ளிகள் பழுதல்ல. மூன்று படங்களுக்கிடையே நகர்ந்த நிழல்."