தோட்டாவுக்குத் தட்டுப்பாடு இருந்த 2020-இல் லோனோக் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஏன் வேலை இல்லாமல் போனது?

கேள்வி: தொழிலுறவு மாணவி

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் லோனோக் என்ற சிற்றூரில் ரெமிங்டன் என்ற துப்பாக்கி நிறுவனத்துக்கு ஒரு தோட்டா ஆலை இருந்தது. கொரோனா அச்சமும் தேர்தல் ஆண்டின் பதற்றமும் சேர்ந்துகொண்ட 2020-இல் அந்நாட்டு மக்கள் துப்பாக்கிக் கடைகளை மொய்த்தார்கள். அந்த ஓராண்டில் மட்டும் துப்பாக்கி தொடர்பான பின்னணிச் சரிபார்ப்புகள் (வாங்குவோருக்குக் குற்றப் பின்னணி உண்டா என்று பார்ப்பவை) ஏறத்தாழ 3.97 கோடி நடந்தன. கடைகளில் தோட்டா கிடைக்கவில்லை, கிடைத்த இடத்தில் விலை ஏறிக்கொண்டே போனது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் ரெமிங்டன் திவால் மனு தாக்கல் செய்தது. லோனோக் ஆலையின் பெரும்பகுதி முடங்கித் தொழிலாளர்கள் வீட்டில் இருந்தார்கள். சரக்குக்காக வாடிக்கையாளர் காத்திருக்கும்போது அதைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு வேலை இல்லை என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? நிர்வாகத் திறமையின்மை என்ற ஒற்றைச் சொல்லில் இதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி: செலவுக் கணக்கர்

கடையில் தெரியும் தேவை வேறு, ஆலையின் கையில் உள்ள பணம் வேறு. ஒரு தோட்டா விற்றுப் பணமாக வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே பித்தளைக்கும் ஈயத்துக்கும் வெடிமருந்துக்கும் பணம் கொடுத்தாக வேண்டும், இடைப்பட்ட வாரங்களில் கூலியும் கொடுத்தாக வேண்டும். இதற்குத்தான் நடைமுறை மூலதனம் என்று பெயர். ரெமிங்டனிடம் இல்லாமல் போனது அதுதான். ஏற்கெனவே ஒருமுறை திவாலான நிறுவனத்துக்குச் சரக்கு தருபவர்கள் கடனுக்குத் தர மாட்டார்கள், முன்பணம் கேட்பார்கள். தேவை கூடக்கூட முன்பணமும் கூடும் என்பதால், பணமில்லாத ஆலைக்கு நல்ல சந்தையே நெருக்கடியாகிவிடுகிறது.

அந்த நிலைக்கு அது வந்த வழியையும் சொல்ல வேண்டும். 1816-இல் தொடங்கிய ரெமிங்டனை செர்பரஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 2007-இல் வாங்கி, வேறு பல துப்பாக்கி நிறுவனங்களோடு சேர்த்து ஒரே குழுமமாக்கியது. குழுமத்தின் மீது கடன் ஏறிக்கொண்டே போய், 2018 மார்ச்சில் முதல் திவால் மனு வந்தபோது ஏறத்தாழ 95 கோடி டாலராக இருந்தது. அதன் பெரும்பகுதி கழிக்கப்பட்டு, நிறுவனம் கடன் கொடுத்தோரின் கைக்குப் போனது. ஆனால் கடனைக் கழிப்பதால் மட்டும் கையில் பணம் வந்துவிடாது. இரண்டே ஆண்டுகளில் மீண்டும் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. இந்தக் கடன்களை வாங்கும் முடிவில் லோனோக்கின் இயந்திரங்களில் நின்றவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை, ஆனால் விலை கொடுத்தவர்கள் அவர்கள்தான். இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: உற்பத்திப் பொறியாளர்

கணக்கர் ஐயா சொன்னது சரியே. எனினும் ஆலைத் தளத்திலிருந்து பார்த்தால் வேறு இரண்டு காரணங்களும் தெரிகின்றன.

முதலாவது, தோட்டாவின் அடியில் பொருத்தி, உள்ளிருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர். தட்டினாலே வெடிக்கும் கலவையை ஈரமாகக் கையாண்டு, அளந்து நிரப்பி, உலர்த்தும் ஆபத்தான வேலை என்பதால், அமெரிக்காவில் அதைப் பெரிய அளவில் செய்தவை சிசிஐ, ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன் ஆகிய நான்கு நிறுவனங்கள் மட்டுமே. தேவை இரட்டிப்பானது என்பதற்காகப் பிரைமர் கூடத்தை ஒரே மாதத்தில் இரட்டிப்பாக்க முடியாது. இயந்திர வரிசைகளும் குறிப்பிட்ட பருமனுள்ள தோட்டாக்களுக்கென்றே அமைந்தவை. ஆகவே, ஒரு பிரிவில் ஆள் போதாமலும் அடுத்த பிரிவில் ஆள் மிகுந்தும் இருப்பது இத்தொழிலில் அரிதன்று.

இரண்டாவது, இந்தச் சந்தையின் ஏற்ற இறக்கம். ஹிலாரி கிளின்டன் வென்றால் துப்பாக்கிச் சட்டங்கள் இறுகும் என்று எண்ணி 2016-இல் மக்கள் வாங்கிக் குவித்தார்கள். டிரம்ப் வென்றதும் அந்த அச்சம் போய் விற்பனை சரிந்தது. அடுத்த சில ஆண்டுகளுக்கு விற்க வேண்டியதை முன்கூட்டியே விற்றுவிட்ட நிலை அது. 2020-இன் வேகம் வந்தபோது ரெமிங்டன் அந்தச் சரிவிலேயே தேய்ந்துபோயிருந்தது.

ஆனாலும் பணமே முதற்காரணம் என்பதற்குப் பின்னர் நடந்ததே சான்று. திவால் ஏலத்தில் லோனோக் ஆலையை 8.14 கோடி டாலருக்கு விஸ்டா அவுட்டோர் என்ற நிறுவனம் வாங்கியது. ஃபெடரலும் சிசிஐயும் அப்போது ஏற்கெனவே அதன் கையில் இருந்தன. 2020 அக்டோபரில் ஆலை கைமாறியதும், வீட்டில் இருந்தவர்களைத் திரும்ப அழைத்து அதே கட்டடத்தில் உற்பத்தியைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டின் இறுதியில், நிறைவேற்றப்படாத ஆர்டர்களே 100 கோடி டாலருக்கு மேல் இருப்பதாக விஸ்டாவின் தோட்டாப் பிரிவுத் தலைவர் ஜேசன் வாண்டர்பிரிங்க் கூறினார். மாறியது உரிமையாளரும் அவர் கொண்டுவந்த பணமும்தான்.

கேள்வி: தொழிலுறவு மாணவி

இருவருக்கும் நன்றி. நியூயார்க் மாநிலத்தில் ரெமிங்டனுக்கு இருந்த இலியன் ஆலையிலும் அதே நேரத்தில் பலர் வேலை இழந்ததாகப் படித்தேன். அதுவும் இதே கதைதானா? திவாலில் தொழிலாளருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு என்ன?

மறுமொழி: தொழிற்சங்கப் பணியாளர்

இலியனில் செய்தவை துப்பாக்கிகள், தோட்டாக்கள் அல்ல. அதனால் இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும். அங்கே 2020 அக்டோபரில் 585 பேரின் வேலை முடிக்கப்பட்டது. ஒப்பந்தப்படி தர வேண்டிய பணிநீக்க ஈட்டுத்தொகையையும் மருத்துவக் காப்பீட்டையும் நிறுவனம் தர மறுப்பதாக அங்குள்ள தொழிலாளர்களின் சங்கமாக இருந்த ஐக்கியச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் வெளிப்படையாகக் குற்றம் சாட்டியது. 2021-இல் புதிய உரிமையாளர்கள் ஆலையைத் திறந்தார்கள், 2024 மார்ச்சில் அது மூடப்பட்டேவிட்டது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பெருமளவு ஆட்குறைப்புக்கு 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. ஆனால் மூலதனம் தேடி அலைந்துகொண்டிருக்கும்போது ஆலையை மூட நேர்ந்தால், அந்தக் காலத்தைக் குறைத்துக்கொள்ள அதே சட்டம் இடமும் தருகிறது. திவாலில், மனுவுக்கு முந்தைய 180 நாளில் ஈட்டிய கூலிக்கு முன்னுரிமை உண்டு. 2020-இல் அதன் உச்சவரம்பு ஒருவருக்கு 13,650 டாலர். அந்த முன்னுரிமையும் அடமானமின்றிக் கடன் கொடுத்த சாதாரணர்களுக்கு முன்னால் மட்டுமே. ஆலையையும் இருப்பையும் அடமானமாகப் பெற்றவர்கள் தங்கள் பங்கை எடுத்த பிறகே கூலிக்கு முறை வரும். உங்கள் ஆய்வில் ஏதேனும் ஒரு பகுதியை ஆழமாக எழுதுவதாக இருந்தால், இந்த வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள், தங்கையே. லோனோக்கில் ஆலை திரும்ப இயங்கியது என்பதால், இடைப்பட்ட மாதங்களில் வீட்டு வாடகையும் மருத்துவச் செலவும் யார் தலையில் விழுந்தன என்பதை எவரும் கணக்கில் சேர்க்கவில்லை. அதை அந்தத் தொழிலாளர்களிடம்தான் கேட்க வேண்டும்.