எழுத்து உதவி அறைக்குப் பிள்ளைகளை எப்படி அனுப்புவது?

தேரூர்க்குளம் கேட்டது:

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறேன். போன வருடம் எங்கள் நூலக மாடியில் எழுத்து உதவி அறை ஒன்று தொடங்கினோம். ஆங்கிலத்துறையில் இரண்டு பேர், தமிழ்த்துறையில் ஒருவர், அப்புறம் எம்.ஏ. படிக்கிற நாலு பிள்ளைகள் முறை வைத்து அங்கே இருப்பார்கள். அசைன்மென்ட், ப்ராஜெக்ட், உதவித்தொகை விண்ணப்பம் என்று எதைக் கொண்டுபோனாலும் கூட உட்கார்ந்து பார்ப்பார்கள்.

என் வகுப்பில் 62 பேர். ஒரு பருவம் முழுக்க அங்கே போனது 3 பேர்தான். மோசமான தாள்களில் சிவப்பு மையால் 'எழுத்து உதவி அறைக்குப் போகவும்' என்று எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூத்தூர் பக்கம் வீடு. ஆழ்கடல் சுறா மீன்பிடிப்புதான் அவள் ப்ராஜெக்ட். முதல் நாலு பக்கமும் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியது. கூப்பிட்டு, "அப்பா எத்தனை நாள் கடலில் தங்குவார்?" என்றுதான் கேட்டேன். அரைமணி நேரம் பேசினாள். எந்த மாதம் எந்தப் பக்கம் போவார்கள், படகில் ஐஸ் எவ்வளவு ஏற்றுவார்கள், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை, எல்லாம் சொன்னாள். இதில் ஒரு வரிகூடத் தாளில் இல்லை. ஏன் என்றால், "அதெல்லாம் எழுதலாமா மிஸ்?" என்கிறாள். அந்த அறைக்குப் போயேன் என்றேன். "அது தோத்த பிள்ளைகள் போற இடம்லா மிஸ்" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

வகுப்பு எடுக்கிற ஆசிரியராக நான் எதை மாற்ற வேண்டும்?

மேல்புறம்காரன்:

மேடம், ஊர் மார்த்தாண்டம் பக்கம். இப்போது அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே, பல்கலைக்கழக எழுத்து மையத்தில் வாரம் 10 மணி நேரம் வேலை செய்கிறேன். சிவப்பு மையில் எழுதி அனுப்புவதை முதலில் நிறுத்துங்கள். எழுதி முடித்து மார்க்கும் வாங்கின தாளை வைத்துக்கொண்டு நாங்கள் செய்ய ஒன்றும் இல்லை. தலைப்பு மட்டும் முடிவாகி, பாதிப் பக்கம் எழுதியிருக்கும்போது வந்தால்தான் பலன்.

அடுத்தது, வகுப்பில் 'பிழை திருத்தித் தருவார்கள்' என்று சொல்லாதீர்கள். நாங்கள் முதலில் பார்ப்பது, என்ன சொல்ல வருகிறார்கள், எந்த வரிசையில் சொல்கிறார்கள் என்பதைத்தான். ஒற்றுப்பிழையும் இலக்கணமும் கடைசியில். பேனா எப்போதும் மாணவர் கையில்தான் இருக்கும். நீங்கள் தூத்தூர்ப் பிள்ளையிடம் கேட்டீர்களே ஒரு கேள்வி, நாள் முழுக்க நாங்கள் செய்வது அதைத்தான்.

அசைன்மென்ட் கேள்வியையும், எதற்கு எத்தனை மார்க் என்பதையும் ஒரு தாளில் எழுதி அந்த அறைக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். இது பெரிய உதவி. பல நாள் பாதி நேரம், ஆசிரியர் என்ன கேட்டிருக்கிறார் என்று கண்டுபிடிப்பதிலேயே போய்விடுகிறது. பருவம் தொடங்கும்போது அங்கிருக்கும் எம்.ஏ. பிள்ளை ஒருவரை உங்கள் வகுப்பில் 10 நிமிடம் பேச விடுங்கள். முகம் தெரிந்தால் கால் தானாக வரும். முடிந்தால் நீங்களே உங்கள் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். இங்கே பேராசிரியர்களும் வருகிறார்கள்.

பர்டூ பல்கலைக்கழகம் 1994இலிருந்து நடத்துகிற இணைய எழுத்துக்கூடத்தில் மேற்கோள் காட்டும் முறைகள் இலவசமாகக் கிடைக்கும். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குக் காட்டுங்கள்.

குலசேகரம் பஸ்:

மிஸ், நான் இப்போதுதான் பி.எஸ்ஸி. முடித்தேன், வேறு கல்லூரி. எங்கள் அறை திறப்பது 4 மணிக்கு. 3.50 பஸ்ஸை விட்டால் வீடு போய்ச்சேர இருட்டிவிடும். காலையில் வரலாம் என்றால், அம்மாவோடு ரப்பர் பால் எடுத்துவிட்டுத்தான் நான் கிளம்பவே முடியும். வராத பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எங்கள் தாவரவியல் மிஸ் லேப் நேரத்திலேயே ஆறு ஆறு பேராகக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருமுறை போனபிறகு பயம் போய்விட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்களாகவே போக ஆரம்பித்தோம்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்:

டீச்சர், எல்லோரும் கட்டாயம் போக வேண்டும் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். கையெழுத்து வாங்க வரிசை நிற்கும், எழுத்து வராது. யார் போனார், என்ன பேசினார் என்று அந்த அறையில் விசாரிக்கவும் வேண்டாம். மாணவர் சம்மதித்தால் மட்டும் உங்களுக்குக் குறிப்பு வரட்டும்.

ஒட்டி எழுதுவது பற்றி ஒன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி ஆய்வேட்டில் மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இந்தப் பயத்தில் ஆய்வுக்கு வருகிறவர்கள் சொல்லை மட்டும் மாற்றிப் போட்டு வாக்கியத்தையே கெடுத்துவிடுகிறார்கள். படித்ததை மூடிவைத்துவிட்டுத் தன் சொல்லில் எழுதி, எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிடும் பழக்கம் இளங்கலை முதல் வருடத்திலேயே வர வேண்டும். அதற்கு உங்கள் அறையைவிட நல்ல இடம் கிடையாது.

தேரூர்க்குளம்:

எல்லோருக்கும் நன்றி. பஸ் நேரத்தை நான் யோசிக்கவே இல்லை. மதியம் 12.30க்கு அறையைத் திறக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். அடுத்த அசைன்மென்ட்டின் கேள்வித்தாளை இன்றே மாடியில் கொடுத்துவிட்டேன். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது நான் எழுத ஆரம்பித்த பறவைக் கட்டுரை ஒன்று பாதியில் கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை அதை எடுத்துக்கொண்டு நான் மேலே போகிறேன். தூத்தூர்ப் பிள்ளையும் கூட வருகிறேன் என்றிருக்கிறாள்.