மறு: காப்பிஸ் = குறுங்காடு?

ஐயா,

பறவைக் கணக்கெடுப்புக் கட்டுரையின் மொழிபெயர்ப்பில் 'காப்பிஸ்' (மரங்களை அடியோடு வெட்டி, கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கவிடும் காடு) வரும் இடமெல்லாம் 'குறுங்காடு' என்று போட்டிருக்கிறீர்கள். சிறு இடத்தில் நெருக்கமாக நடும் மியாவாக்கி முறையில் மரம் நடுவோர் அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். அதுகூடப் போகட்டும். குறுங்காடு என்பதில் அளவு மட்டுமே தெரிகிறது. வெட்டியதும் தெரியவில்லை, வெட்டிய கட்டை மறுபடி துளிர்த்ததும் தெரியவில்லை.

இங்கிலாந்தின் சஃபோக்கில் உள்ள பிராட்ஃபீல்டு காட்டை 1252 முதல் இப்படித்தான் வெட்டி வளர்க்கிறார்கள். ஹேசல், ஆஷ் மரங்களைப் பகுதி பகுதியாக, முறை வைத்துத் தரையோடு வெட்டுவார்கள். முதல் ஓரிரு ஆண்டு வெட்டவெளிதான். புதர் அடர்ந்ததும் நைட்டிங்கேல் என்ற பாடும் பறவை வந்து கூடு கட்டும். இன்னும் சில ஆண்டுகளில் கிளைகள் கூடி நிழல் கவிந்தால் அந்தப் பகுதியை விட்டுப் போய்விடும். ஆகவே, ஒரு பகுதியில் நைட்டிங்கேல் குறைந்தால் பறவையே அருகிவருகிறது என்று உடனே எழுதிவிட முடியாது. புதர் முற்றியிருக்கலாம், மான்கள் துளிரைக் கடித்துப் புதரையே எழவிடாமல் செய்திருக்கலாம். வெட்டி எத்தனை ஆண்டு ஆயிற்று என்ற குறிப்பு இல்லாத பட்டியல், எத்தனை காலம் எடுத்ததானாலும், பாதிப் பட்டியல்தான்.

நம் உழவரிடம் இதற்குச் சொல் இருக்கிறதே: மறுதாம்பு. கரும்பை வெட்டிக் கட்டையை விட்டால் எழுவது. 'மறுதாம்புக் காடு' என்போம். 'மூன்றாண்டு மறுதாம்பு' என்றால் வயதும் வந்துவிடும்.

*

அம்மா,

குறுங்காட்டைக் கைவிடுகிறேன். ஆனால் வயதுக்கு மறுதாம்பு உதவாது. எங்கள் பக்கம் கரும்பில் 'இரண்டாம் மறுதாம்பு' என்றால் இரண்டாவது வெட்டுக்குப் பின் எழுந்தது. இரண்டு வயதானது அன்று. உங்கள் 'மூன்றாண்டு மறுதாம்பை' உழவர் ஒருவர் படித்தால் நிச்சயம் தடுமாறுவார். வயதைக் குறிக்க 'வெட்டாண்டு' என்று தனியே வைக்கலாமா?

பின்குறிப்பு: 'மானிட்டரிங்' என்பதற்குக் 'கண்காணிப்பு' என்று எழுதியதும் நான்தான். இப்போது படித்தால் பறவைகள் ஏதோ குற்றம் செய்தது போல் இருக்கிறது. 'தொடர் கணக்கெடுப்பு' என்று மாற்றுகிறேன்.

*

ஐயா,

வெட்டாண்டு என்றால் வெட்டிய ஆண்டு என்றுதான் எனக்குப் படுகிறது. அட்டவணையில் அந்தக் கட்டத்தில் ஒருவர் 4 என்று எழுதுவார், இன்னொருவர் 2019 என்று எழுதுவார். 'துளிர்வயது' எப்படி?

*

அம்மா,

துளிர்வயது. அட்டவணையில் ஏற்றிவிட்டேன்.