ரியாத்தில் வாங்கிய லேப்டாப்: அரபு விண்டோஸை ஆங்கிலமாக மாற்ற முடியுமா?

விஷாரம் பாய்:
அஸ்ஸலாமு அலைக்கும். மச்சான் ரியாத்திலிருந்து மகளுக்கு ஒரு லேப்டாப் கொண்டுவந்தார். விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். எல்லாமே அரபு, வலமிருந்து இடமாக ஓடுது. செட்டிங்ஸில் ஆங்கிலத்தைச் சேர்த்தால் டைப் பண்ண வருது, ஆனா மெனு மாறல. வேலூரில் ஒரு கடையில் கேட்டேன். "இந்த விண்டோஸ் கீ (லைசென்ஸ் எண்) அரபுக்கு மட்டும்தான், புது விண்டோஸ் காசு கொடுத்து வாங்கணும்"னு சொல்றாங்க. மேல்விஷாரத்திலேயே, வீட்டிலேயே முடிக்க வழி இருக்கா?

பாலாறு:
வஅலைக்கும் ஸலாம் பாய். காசு கொடுக்க வேண்டாம். சிங்கிள் லாங்குவேஜ் என்றால் ஒரு நேரத்தில் ஒரே மெனு மொழிதான் என்று அர்த்தம், அரபு மட்டும்தான் என்று இல்லை. அதனால்தான் செட்டிங்ஸ் வழியாக மாற விடாது. ஆனால் ஆங்கில விண்டோஸைப் புதிதாகப் போட்டால் அதே கீ ஏற்கும். கீ ஹார்ட் டிஸ்கில் இல்லை, மதர்போர்டின் பயாஸ் சிப்பில் (லேப்டாப்பை முதலில் எழுப்பும் புரோகிராம் உள்ள சிப்) இருக்கு. டிஸ்க்கை முழுசா அழித்தாலும் போகாது.

ஒரே நிபந்தனை, எடிஷன் (ஹோம், ப்ரோ மாதிரி விண்டோஸ் வகை) மாறக்கூடாது. இன்ஸ்டால் பண்ணும்போது பயாஸ் கீயைப் பார்த்து அதுவே ஹோம் சிங்கிள் லாங்குவேஜை எடுத்துக்கும். கீ கேட்டால் "ப்ராடக்ட் கீ இல்லை" என்பதை அழுத்தி, பட்டியலில் அதே எடிஷனைப் பிடிங்க. ஆசைப்பட்டு ப்ரோவைத் தொட்டால் ஆக்டிவேட் ஆகாது. கடைகளில் "கீ போயிடுச்சு" என்று சொல்வதில் பாதி இந்த விஷயம்தான்.

லேப்டாப்பில் இருக்கும் ரீசெட், ரெக்கவரி பக்கம் போகாதீங்க. அங்கே இருப்பதும் அரபுக் காப்பிதான், திரும்ப அதே வரும்.

தேவை: 8 ஜிபி பென்டிரைவ் (உள்ளே இருப்பது அழிந்துவிடும்), விண்டோஸ் உள்ள இன்னொரு கம்ப்யூட்டர், மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூல். அதில் "இந்த பிசிக்குப் பரிந்துரைத்தவை" டிக்கை எடுத்தால்தான் மொழி மாற்ற விடும். டவுன்லோட் 5 ஜிபி-யைத் தொடும். தினம் 2 ஜிபி மொபைல் பேக்கில் வேண்டாம், பிராட்பேண்ட் உள்ள வீட்டில் எடுங்க.

காட்பாடி ஜங்ஷன்:
பாலாறு அண்ணன் சொன்னது சரி. அழிப்பதற்கு முன் பார்க்க வேண்டியதைச் சொல்றேன். ஆஃபீஸ் கூடவே வந்திருந்தால் அரபிலேயே திறந்து மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேர்த்துவிடுங்க. அப்புறம் அந்தக் கணக்கிலிருந்தே திரும்ப இறக்கிக்கலாம். ஃபைல்களை வெளியே எடுத்து வைங்க. லேப்டாப் கம்பெனி தளத்தில் மாடல் நம்பர் போட்டு வைஃபை டிரைவரையும் (வைஃபையை விண்டோஸ் இயக்க உதவும் சாஃப்ட்வேர்) பென்டிரைவில் போட்டுக்கோங்க. முதல் செட்டப்பில் ஹோம் எடிஷன் இன்டர்நெட் கேட்கும், டிரைவர் இல்லாவிட்டால் வைஃபையே தெரியாமல் அங்கேயே நிற்கும். அப்படி நின்றால் போனை கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் (போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுப்பது) போட்டுப் பாருங்க.

சார்ஜரை மாட்டியே செய்யுங்க, நம்ம ஊர் கரண்டை நம்ப முடியாது.

பென்டிரைவை மாட்டி ஆன் பண்ணும்போது, எதிலிருந்து தொடங்கணும்னு கேட்கும் பூட் மெனுவுக்கு டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9. டிஸ்க் பட்டியல் வந்ததும் அளவைப் பார்த்து எஸ்எஸ்டி (லேப்டாப்பின் உள் டிஸ்க்) எது என்று உறுதி பண்ணிட்டு, அதிலுள்ள பார்ட்டிஷன்களை மட்டும் அழிச்சு, காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட். முதல் ரீஸ்டார்ட்டில் பென்டிரைவை உருவிடுங்க. இல்லாட்டி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

விஷாரம் பாய்:
டிஸ்க் பட்டியல் காலியா இருக்கு! பென்டிரைவ் மட்டும் தெரியுது. எஸ்எஸ்டி போயிடுச்சா? இன்டெல் 12வது தலைமுறை.

பாலாறு:
எஸ்எஸ்டி நல்லாத்தான் இருக்கும். இன்டெல் 11வது தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்று ஒரு அமைப்பு ஆனில் வருது. எஸ்எஸ்டி அதற்குப் பின்னால் ஒளிஞ்சிருக்கு, செட்டப்பிடம் அதற்கான டிரைவர் இல்லை. கம்பெனி தளத்தில் உங்க மாடலுக்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்து, ஜிப்பாக விடாமல் விரிச்சு, பென்டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போடுங்க. அதே பக்கத்தில் "லோட் டிரைவர்" அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்துடும்.

பயாஸில் விஎம்டியை ஆஃப் பண்ணச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கு. அதுவும் நடக்கும். ஆனால் ஆஃப் பண்ணிட்டு பழைய அரபு விண்டோஸுக்கே திரும்பப் போனால் அது எழும்பாமல் போகலாம், அல்லது பிட்லாக்கரின் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். டிரைவர் வழிதான் என் கட்சி.

விஷாரம் பாய்:
வந்துடுச்சு, அல்ஹம்துலில்லாஹ். ஆக்டிவேஷன் பக்கத்தில் "ஆக்டிவ்"னு இருக்கு, கீ கேட்கவே இல்லை. ஒன்னே ஒன்னு, ஷிஃப்ட் 2 அழுத்தினா அட் குறி வராம மேற்கோள் குறி வருது. ஈமெயில் அடிக்க முடியல.

காட்பாடி ஜங்ஷன்:
டூலில் "இங்கிலீஷ் இன்டர்நேஷனல்" எடுத்திருப்பீங்க. அது பிரிட்டிஷ் கீபோர்டோடு வரும், உங்க கீபோர்டில் அச்சிட்டிருப்பது அமெரிக்க அமைப்பு. செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், மொழிக்குப் பக்கத்து மூன்று புள்ளி, லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ். அங்கே யூஎஸ் கீபோர்டைச் சேர்த்துட்டு யூகே-வை நீக்குங்க. தமிழ் 99 கீபோர்டு வேணும்னா அதே பக்கத்தில் தமிழையும் சேர்க்கலாம். சிங்கிள் லாங்குவேஜ் தடை மெனுவுக்கு மட்டும்தான், கீபோர்டுக்குக் கிடையாது. கீபோர்டை மாற்ற விண்டோஸ் பட்டனையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்துங்க.