“ஆற்றையோ பொதி கிடக்குது!” – வன்னியில புத்தகம் விட்டுவந்த அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

முறிகண்டிப் பிள்ளையாரடியில நிக்காமல் ஏ9 வீதியால போற வாகனம் குறைவு. இறங்கி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் அடிச்சு, கச்சான் வாங்கிக்கொண்டுதான் சனம் திரும்ப ஏறும். முன்பின் தெரியாத ஆரும் எடுத்து வாசிக்கட்டுமெண்டு பொது இடத்தில புத்தகம் விட்டுவாற வழக்கத்தைத் தொடங்கேக்க, அதால முதல் புத்தகத்தை அங்கயே வைப்பம் எண்டு நினைச்சன். எடுக்கிற ஆள் வவுனியாவுக்கும் கொண்டு போகலாம், பருத்தித்துறைக்கும் கொண்டு போகலாம்.

மார்கழி மாதம், தூறல். நனைஞ்சு போகுமெண்டு கறுப்புச் சொப்பிங் பையில சுத்தி, வாயை இறுக்கக் கட்டி, மரத்தடி வாங்கில வைச்சிட்டுத் தள்ளி நிண்டு பாத்தன். ஏழெட்டு வயசுப் பொடியன் ஒருத்தன் கிட்டப் போய்க் குனிஞ்சான். தாய் பாய்ஞ்சு வந்து கையைப் பிடிச்சு இழுத்தா. “தொடாத! என்னெண்டு தெரியாததைத் தொடக்கூடாதெண்டு சொன்னனானெல்லே!” கச்சான் விக்கிற அக்காவும் எழும்பி, “ஆற்றையோ பொதி கிடக்குது!” எண்டு சத்தம் போட, பக்கத்தில நிண்ட சனம் விலகீட்டுது.

எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. அந்தத் தாய் சொன்னதில ஒரு பிழையுமில்லை. 2010இல மீள்குடியேறி வந்தபோது என்ர மகளுக்கு நானும் இதைத்தான் படிப்பிச்சனான். காணி எல்லையில சிவப்பு மண்டையோட்டுப் பலகை, பள்ளிக்கூடச் சுவரில மிதிவெடிப் படம். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு தனியக் கிடக்கிற பை எண்டாலே பயம். இதெல்லாம் தெரிஞ்ச நானே பொதி கட்டி வைச்சிருக்கிறன்! ஓடிப்போய் முடிச்சை அவிட்டு, புத்தகத்தை எல்லாருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினன். பொடியன் கேட்டது ஒண்டே ஒண்டு: “படம் இருக்கோ?” இருக்கேல்லை. அவன் போயிட்டான்.

இந்த வழக்கம் எனக்குத் தெரிய வந்தது புக்குறோசிங் எண்ட பேரால. 2001இல அமெரிக்காவில ரொன் ஹோர்ன்பேக்கர் எண்டவர் தொடங்கினது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு இலக்கம் குடுத்து ஒட்டிவிடுவினம். கண்டெடுத்த ஆள் அந்த இலக்கத்தை இணையத்தில போட்டு, எங்க எடுத்தன், வாசிச்சு என்ன நினைச்சன் எண்டு எழுதலாம். வைச்ச ஆள் புத்தகத்தின்ர பயணத்தைப் பின்தொடரலாம். கோப்பிக் கடை, பூங்கா வாங்கு எண்டு விட்டுவாறவை. அங்க புத்தகம் கிடந்தால் அது வெறும் புத்தகம். எங்கட மண்ணில அது முதல்ல ஒரு ‘பொருள்’. அதை மறந்து இஞ்ச இதைச் செய்யேலாது.

இப்ப நான் பொதி கட்டுறதில்லை. அட்டை மேல தெரியத்தக்கதாக, வெளிச்சமான இடத்தில, பகலில மட்டும் வைப்பன். மழையெண்டால் வைக்கிறதே இல்லை. முன்னட்டையில வெள்ளைத் தாள் ஒட்டி, கொட்டை எழுத்தில எழுதுவன்: “இது ஆரும் தவறவிட்டதில்லை. உங்களுக்கெண்டு வைச்சது. எடுத்துக்கொண்டு போங்கோ.” இணையத்துக்குப் போய் இலக்கம் போடு எண்டு ஒரு அம்மம்மாவிட்டக் கேக்கேலாது, அதால கடைசிப் பக்கத்தில கோடு போட்டு விட்டிருக்கிறன், எங்க எடுத்தது, எங்க விட்டது எண்டு எழுத. தொலைபேசி இலக்கம் போடுறதில்லை. பொம்பிளைப் பிள்ளையள் இதைச் செய்யிறதெண்டால் நீங்களும் போடாதேங்கோ.

ஒட்டுசுட்டானிலிருந்து:

அக்கா, எனக்கு வந்த சிக்கல் வேற. பயத்தால எடுக்காமல் விடேல்லை, நேர்மையால. பஸ் தரிப்பிடத்தில வைச்சிட்டு முல்லைத்தீவுக்குப் போய்ப் பின்னேரம் வந்து இறங்கினால், தேத்தண்ணிக் கடை அண்ணை அதை லாச்சிக்குள்ள பத்திரமாக வைச்சிருந்து தாறார். “தம்பி, விட்டிட்டுப் போட்டியள்.” மூண்டு தரம் இப்பிடி. மூண்டாந்தரம் எனக்கும் ஒரு பால் தேத்தண்ணி ஊத்தித் தந்து, “என்ன தம்பி, வீட்டில ஏதும் யோசினையோ?” எண்டு கேட்டார்!

அவரிட்டயே விளங்கப்படுத்தினன். பேப்பர் தொங்கவிடுற கயித்தில ரெண்டு உடுப்புக் கிளிப் குடுத்து, “இதில கொழுவிவிடும், ஆரும் கேட்டால் நான் சொல்லுறன்” எண்டார். அண்டையிலிருந்து நல்லாப் போகுது. முதல் போறது 5ஆம் ஆண்டுப் புலமைப்பரிசில் வினாத்தாள் தொகுப்பு, கொழுவி ஒரு மணித்தியாலம் நிக்காது. நாவல் ஒரு கிழமை தொங்கும். கவிதைப் புத்தகம் ஒண்டு செம்புழுதி படிஞ்சு அட்டையே நிறம் மாறும்வரை தொங்கினது, துடைச்சுத் துடைச்சு விட்டனான். ஒருநாள் அதுவும் காணேல்லை. வினாத்தாளை விட எனக்கு அந்தக் கவிதைப் புத்தகம் போனதுதான் பெரிய சந்தோசம்.

வவுனியாவிலிருந்து:

நான் ஆசுப்பத்திரி மாதக் கிளினிக் வாங்கில வைக்கிறனான், தாதிமாரிட்டச் சொல்லிப்போட்டு. ஒரு ஐயா எடுத்துக் கையை நீட்டிப் பிடிச்சுப் பாத்திட்டு, “எழுத்துச் சின்னன் மோனை” எண்டு திருப்பி வைச்சார். வயசானவை இருக்கிற இடத்துக்குப் பெரிய எழுத்துப் புத்தகமாப் பாத்து எடுத்துக்கொண்டு போங்கோ.

புதுக்குடியிருப்பிலிருந்து:

நீங்கள் எல்லாரும் வைச்ச கதை எழுதுறியள். நான் எடுத்த கதை எழுதுறன்.

2009 தை மாதம், கடைசிச் சண்டை நேரம், விசுவமடு. எனக்கு 12 வயசு. வீதி நிறைய உழவு மெசின், சைக்கிள், தலையில மூட்டை. பாரம் தாங்காமல் சனம் ஒவ்வொண்டாக இறக்கி வைச்சிட்டுப் போச்சுது. தையல் மெசின், அண்டா, படச் சட்டம். ஒரு வேலியோரம் உரப் பையொண்டு வாய் திறந்து கிடந்தது. உள்ள முழுக்கப் புத்தகம். ஆற்றையோ வீட்டு அலுமாரி, கடைசிவரை காவிக்கொண்டு வந்திருக்கினம். அப்பா ஏசுவாரெண்டு ஒண்டை மட்டும் சட்டைக்குள்ள செருகினன்.

பங்கருக்குள்ள குப்பி விளக்கில அதை எத்தினை தரம் வாசிச்சன் எண்டு தெரியாது. அட்டை இல்லை, கடைசியில ஒரு கொஞ்சப் பக்கமும் இல்லை. பிறகு இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த மெனிக் பாம் முகாமில பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளையளுக்குச் சத்தம் போட்டு வாசிச்சு, முடிவை நானாகச் சொன்னனான். ஒவ்வொரு நாளும் வேற முடிவு.

உள்பக்கத்தில நீல மையில ஒரு பேரும் “விசேட பரிசு, 1987” எண்டும் இருக்கு. அந்தப் பேரை இஞ்ச போட எனக்கு மனமில்லை. அவையள் அதை விருப்பத்தோட விட்டிட்டுப் போகேல்லை. அதால நான் வேற எத்தினை புத்தகமும் வைப்பன், இதை மட்டும் வைக்கமாட்டன். ஆரும் எங்கயாவது வந்து, “எங்கட அப்பா உரப் பையில கட்டிக்கொண்டு வந்தவர்” எண்டு சொன்னால், குடுக்கிறதுக்கு இருக்கு.

கிளிநொச்சியிலிருந்து:

தங்கச்சி, உங்கடதை வாசிச்சுப்போட்டு கன நேரம் இருந்திட்டன். வைச்சிருங்கோ.

நான் இதுவரை விட்டது 11 புத்தகம். எழுத்தோட திரும்பக் கண்டது ஒண்டுதான். கச்சான் அக்கா இப்ப கடைக் கரையில எனக்கு ஒரு பெட்டி வைச்சுத் தந்திருக்கிறா, போன கிழமை அதுக்குள்ள கிடந்தது. கடைசிப் பக்கத்தில பென்சிலால: “மாங்குளம் ஸ்டேசன் வாங்கில எடுத்தன். 46ஆம் பக்கம் வாசிக்க ரயில் வந்திட்டுது. கொண்டு போய் முடிச்சிட்டன். பிள்ளையாரடியில வைக்கிறன்.” நான் அதை மாங்குளத்தில வைக்கவே இல்லை.